மூன்றாவது சில்லு

ஏனென்றால் அந்தக் கண்ணாடித் தூண் இன்னும் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டபோது நான் இதைச் சொல்லவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்க்காமலிருக்க அது போதுமான காரணமாக இருந்தது. "எதுக்கும்மா இன்னும் இதக் கட்டிக்கிட்டு அழறே? போத்தல்காரன்கிட்டப் பழசுக்குப் போட்டுட்டு என்கூட தஞ்சோங் பகாருக்கு வந்துடு" என்றாய். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து அலமாரியில் வைத்தாய். கிராஞ்சி ரப்பர் தோட்டத்து ஆய்வறையில் உதவியாளர் வேலை. சனிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். "வேணாம்னு எழுதிடப் போறேன். கண்ணாடி என் கைக்கு ஆகாது, உனக்கே தெரியும்" என்றாய். குரலில் வருத்தம் இல்லை. வெகுநாள் ஒன்றைச் சுமந்து, சுமப்பதே தெரியாமல் போனவனின் குரல். நீ படியிறங்கி ரிக்‌ஷாவைக் கூப்பிட்டது கேட்டது. மீனை இரண்டாம் முறை கழுவினேன். இன்று புதன்கிழமை. நீ அந்தப் பதிலை எழுதுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது.

தூண் வந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். சுற்றி வளைப்பதற்காக அல்ல. அங்கிருந்து வந்தால்தான் நான் எதைக் கொடுத்து எதை வைத்துக்கொண்டேன் என்பது உனக்குப் புரியும். உன் அப்பா காலாங் காஸ் தொழிற்சாலையின் சோதனை அறையில் இருந்தார். நிலக்கரியைச் சுட்டுத் தெருவிளக்குக்கு வாயு எடுத்த பின் தார் மிஞ்சும். தாரைக் காய்ச்சினால் முதலில் ஒரு மெல்லிய எண்ணெய் வரும், மஞ்சளாக, மூக்கில் ஏறும் வாசனையோடு. அதற்குள் இரண்டு மூன்று திரவங்கள் கலந்து கிடக்கின்றன, தனித்தனியாகப் பிரிக்கலாம் என்று ஒருநாள் சோறு பிசைந்தபடி சொன்னார். எப்படி என்றேன். "ஒண்ணு சீக்கிரம் கொதிக்கும். இன்னொண்ணு நேரங்கழிச்சுக் கொதிக்கும்." அப்படியானால் முதலில் கொதிப்பது முதலில் போய்விடுமே, இதில் என்ன கஷ்டம் என்றேன். சிரித்தார். "கூட்டத்துல அப்படித் தனியா வெளிய வர முடியுமா? வர்றது பக்கத்துல நிக்கிறதையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும்."

அங்கே தூக்கிப் போடவிருந்த ஒரு கண்ணாடிக் குழாயைக் கேட்டு வாங்கி வந்தார். என் கை நீளம். வாய் ஓரத்தில் உடைசல். ஓர் ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொல்வார். நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன். நான் மிஷன் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லத் தெரியும். அவருக்கு அது பிடித்திருந்தது. குழாயின் அடியில் கம்பி வலை வைத்து, அதன்மேல் கண்ணாடி மணிகளை நிரப்ப வேண்டும் என்றது புத்தகம். மணிக்கு எங்கே போவது? அவர் கூரையைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன்.

செராங்கூன் ரோட்டில் வளையல் விற்ற நாகூர் பாயிடம் போய் உடைந்த வளையல் வேண்டும் என்றேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். "தாலி கட்டின பொண்ணு காலங்காத்தால வந்து கேக்குற சாமானா இது?" என்றார். "சமைக்கத்தான் பாய்" என்றேன். "வளையலையா?" "ஆமா." "யாருக்கு?" "அவருக்குத்தான்." "பாவம் அந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். "முழுசா ஒரு டசன் கையில போட்டுக்க, தங்கச்சி. அப்பத்தான் ஒடஞ்சதத் தருவேன். சும்மா ஒடஞ்சத மட்டும் கையில குடுத்தேன்னு வீட்டுல தெரிஞ்சா எனக்கு இன்னைக்குச் சோறு கிடையாது." பச்சை வளையல் ஒரு டசன் போட்டுக்கொண்டு, அரைச் சாக்கு உடைசலோடு திரும்பினேன். அவசரத்தில் கழுவாமல் நிரப்பிவிட்டோம். வளையலின் மேல் ஒட்டியிருந்த சிவப்புப் பூச்சு முதல் வடிப்பிலேயே கரைந்தது. தண்ணீர் போல் வரவேண்டிய பென்சீன் ரோஜா நிறத்தில் சொட்டியது. உன் அப்பா சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "உன் பென்சீன் கல்யாணத்துக்குக் கிளம்பிருச்சு" என்றார். மறுநாள் துண்டுகளை எல்லாம் சலவைச் சோடாவில் கொதிக்க வைத்துத் தேய்த்தேன். கை வெந்தது. பிறகு வந்த பென்சீன் நிறமில்லாமல் வந்தது.

நீ ஆய்வறைக்குப் போனால் இதைவிட நல்ல கருவி தருவார்கள். ஆனாலும் கேள். எண்ணெய்ச் சட்டியில் குடுவை, குடுவையின் கழுத்தில் தூண், தூணின் உச்சியில் தெர்மாமீட்டர், பக்கவாட்டில் தண்ணீர் ஓடும் குளிர்குழாய். சூடு வெளியே போகாமலிருக்கத் தூணைச் சுற்றி உன் அப்பாவின் பழைய வேட்டிக் கிழிசல். ஆவி ஏறும். வளையல் துண்டில் பட்டுத் துளியாகி இறங்கும். இறங்கும் துளியைக் கீழிருந்து வரும் அடுத்த ஆவி சுடும். அதிலிருந்து லேசானது மட்டும் மறுபடி ஏறும். ஒவ்வொரு துண்டிலும் இப்படி. உச்சிக்கு வருவதற்குள் ஒட்டிக்கொண்டு வந்ததெல்லாம் கீழே தங்கிவிடும். எண்பது டிகிரியில் பாதரசம் நிற்கும். நிற்கும் என்றால் ஆணி அடித்தது போல. அந்த நிலையைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பானைச் சோற்றைக் கரிய விட்டிருக்கிறேன். பென்சீன் தீர்ந்ததும் பாதரசம் தடுமாறும், ஏறும். அப்போது வருவது இதுவும் இல்லை, அதுவும் இல்லை. அதைக் கொட்டாமல் தனியே பிடித்து அடுத்த வடிப்பில் சேர்ப்போம். பிறகு நூற்றுப்பத்தில் மறுபடி நிற்கும். அது டொலுவீன். தீயை ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். முடியாது. இறங்க வேண்டிய துளி இறங்க வழியில்லாமல் தூணுக்குள் தொங்கும், தூண் முழுக்கத் திரவம் நின்று நடுங்கும், அதுவரை பிரித்தது எல்லாம் ஒன்றாகிவிடும். உன்னை யாராவது அவசரப்படுத்தினால் அவர் முகத்தைப் பார்க்காதே. சொட்டைப் பார். ஜன்னலைத் திறந்து வை.

பென்சீனை யார் வாங்கினார்கள் என்று உனக்குத் தெரியும். டோபி காட் துறையில் துணி வெளுக்கும் மாரிமுத்து. தண்ணீர் பட்டால் சுருங்கும் கம்பளிக் கோட்டில் எண்ணெய்க் கறை எடுக்க அவனுக்கு அது வேண்டும். வாசலிலிருந்தே புலம்பிக்கொண்டு வருவான். "அக்கா, கறிக்குழம்பு தின்னது தொர. சிந்துனது தொர. திட்டு வாங்குறது மட்டும் நானு." நீ அவன் பேசுவதைப் போலவே பேசிக் காட்டுவாய், அப்பா வாய்விட்டுச் சிரிப்பார். உனக்குப் பதினாறு வயது. குளிர்குழாய்க்குத் தண்ணீர் இறைத்து ஊற்றுவது உன் வேலை. சில்லு போடுவதும் உன் வேலை. கொதிக்கும் திரவம் திடீரென்று குதிக்காமலிருக்க, சுட்ட மண்ணின் சிறு துண்டுகளைக் குடுவையில் போட வேண்டும். அவற்றின் நுண்துளைகளில் இருக்கும் காற்றிலிருந்துதான் குமிழிகள் அமைதியாகக் கிளம்பும். நீ உடைந்த பானையை மிளகளவாக உடைப்பாய், வாணலியில் வறுப்பாய், ஆறவைப்பாய், மூன்று மட்டும் எண்ணிப் போடுவாய். ஒருநாளும் தவறியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி.

அந்த வெள்ளிக்கிழமை. உன் அப்பா வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தார்: வடிப்பு நடக்கும்போது வேறு தீ எரியக்கூடாது. பென்சீன் ஆவி தவழ்ந்து போய்த் தீயைத் தேடும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணிக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆறு மணிக்குச் சாமி விளக்கேற்றுவேன். அன்று பென்சீன் முடிந்துவிட்டது, டொலுவீன் பாதியில் இருந்தது. நீ பின்கட்டில் கிணற்றடியில் இருந்தாய். உன் அத்தை கம்போங் கப்பூரிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு வைக்காத வீடு என்று அவள் ஊரெல்லாம் சொல்லுவாள். பக்தி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவள் வாய்க்குப் பயந்தேன். சட்டியின் கீழிருந்து கரியை வாரி வெளியே போட்டேன். விளக்கேற்றினேன். அரை மணி எரிய விட்டேன். ஊதி அணைக்கக் கூடாதே, பூவால் தொட்டுக் குளிர வைத்தேன். அத்தை திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு, மிச்சம் கொஞ்சம்தானே என்று மறுபடி கரியை மூட்டினேன்.

சில்லு ஒரு தடவைக்குத்தான். கொதி நின்று ஆறினால் அதன் துளைகளுக்குள் திரவம் புகுந்துவிடும்; மறுபடி சூடாக்கும்போது அது வெறும் கல். புதுச் சில்லு போட வேண்டும், அதுவும் குடுவை ஆறியிருக்கும்போதே. எனக்குத் தெரியும். புத்தகத்தின் அந்த வரியை உன் அப்பா இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தார். மூட்டியபின் பார்த்தேன்: குடுவை சுட்டது, ஆனால் ஒரு குமிழிகூட இல்லை. கண்ணாடி போல் அசையாமல் நின்றது. அப்போது தீயை எடுத்திருக்க வேண்டும். நான் உன் சில்லு டப்பாவைத் திறந்து மூன்று எடுத்தேன். உன் அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, "எத்தனையில நிக்குது?" என்று கேட்டபடி குனிந்தார். நான் குடுவையின் பக்கக் கழுத்திலிருந்த தக்கையைப் பிடுங்கிச் சில்லைப் போட்டேன்.

முழுக் குடுவையும் ஒரே மூச்சில் எழுந்தது.

அவர் கத்தவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் அடுப்பைக் காட்டினார். நீ ஓடி வந்தாய், பார்த்தாய், ஈரச் சாக்கை அடுப்பின்மேல் போட்டாய், குடத்துத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றினாய். இதெல்லாம் நான் தக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நடந்தது. வீடு எரியாமல் போனது உன்னால். அதையும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கட்டோடு படுத்திருந்தவர், "சில்லு யாரு போட்டது?" என்று கேட்டார். திட்டுவதற்கல்ல, எங்கே தவறியது என்று தெரிந்துகொள்ளும் குரல். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "நாந்தாம்பா. காலையில போட்டேன். சரியா வறுபடல போலிருக்கு" என்றாய். கதவருகே நின்ற அத்தை நெற்றியில் அறைந்துகொண்டாள். "பெத்த அப்பன் கண்ண எடுத்துட்டியேடா!" நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏன் என்று எட்டு வருடமாக என்னைக் கேட்டிருக்கிறேன். முதலில், பயத்தில் நா எழவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது ஒரு நாளுக்குப் போதும்; எட்டு வருடத்துக்குப் போதாது. உண்மை இது. பெண்பிள்ளை கையில் இந்தக் கொள்ளிக்கட்டை எதற்கு என்று அத்தை அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். செய்தது நான் என்று தெரிந்தால் தூணை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள். பாதரசம் எண்பதில் நிற்கும்போது எனக்குள்ளும் எதுவோ நின்றது. வேறு எந்த இடத்திலும் அது எனக்குக் கிடைக்கவில்லை. நீ ஆண்பிள்ளை, படிக்கிறாய், இரண்டு நாளில் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன்னைக் கொடுத்துத் தூணை வைத்துக்கொண்டேன். நீ மறக்கவில்லை. பள்ளியில் ரசாயன வகுப்புக்குப் போவதை நிறுத்தினாய். ஏனென்று வாத்தியார் வீட்டுக்கு வந்து கேட்டபோது, அவனுக்குத் தலைவலி வருகிறது என்று நான்தான் சொன்னேன். பிறகு துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா வேலைக்குப் போனாய். அப்பாவின் இடது கண் திரும்பவில்லை. "சரியாப் பாக்காம அளவு சொல்ல மாட்டேன்" என்று அவராகவே சோதனை அறையை விட்டு வாசல் காவலுக்குப் போனார். மாலையில் நான் வடிப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டு விழும் சத்தத்தைக் கேட்பார். "வேகம் கூடுது" என்பார். கூடியிருக்கும்.

போன வருடம், காய்ச்சல் முற்றிய அந்த வாரத்தில், தெர்மாமீட்டர் பெட்டியை எடுத்து வரச் சொன்னார். பெட்டியின் அடியில் பஞ்சுக்குள் ஒரு சில்லு இருந்தது. மிளகளவு. வறுத்த நிறம். கறையே இல்லை. "அடுப்படியில கிடந்துச்சு. கட்டுப் பிரிச்ச அன்னைக்கே எடுத்தேன்" என்றார். "மூணு எடுத்திருக்கே. ரெண்டுதான் உள்ள விழுந்திருக்கு. காலையில போட்ட சில்லு வெளிய வந்து விழுந்திருந்தா எண்ணெய் குடிச்சுக் கறுத்திருக்கும். இது நனையவே இல்ல." நான் அவர் காலடியில் உட்கார்ந்தேன். ஏன் இத்தனை வருடம் கேட்கவில்லை என்றேன். "நீ சொல்லுவே, சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கிட்ட இல்ல. அவங்கிட்ட." அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கேட்டார். தானே உன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. நான் காட்ட மிச்சமிருந்த ஒரே தைரியத்தை அவர் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். அப்படியும் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன்.

உன் அப்பாவின் காரியம் முடிந்த அன்று அத்தையும் மற்றவர்களும் என் வளையலை உடைக்க வந்தபோது, நான் கையைக் கொடுக்காமல் நானே கழற்றினேன். நீ கூடத்தின் மறுபக்கம் இருந்தாய், பார்த்திருக்க மாட்டாய். சோடாவில் கொதிக்க வைத்துத் துண்டாக்கித் தூணில் போட்டேன். மேலிருந்து ஒரு சாண் வரைக்கும் பச்சையாக இருக்கிறதே, அது அதுதான். போத்தல்காரனுக்குத் தரமாட்டேன்.

இப்போது உனக்கு. கிராஞ்சிக்குப் போ என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதியை நான் வைத்துக்கொள்ளவில்லை. டேங்க் ரோட்டில் ரயிலேறினால் காலைப் பொழுதில் போய்விடலாம், தோட்டத்தில் கொசு அதிகம், சாப்பாடு எப்படியோ. கிடங்கு வேலை உனக்குப் பிடித்திருந்தால் அங்கேயே இரு. வேண்டாம் என்று எழுதுவதானால் வேண்டாததால் எழுது. உன் கை ஆகாத கை என்பதால் எழுதாதே. உன் கை அன்று சாக்கை நனைத்து அடுப்பை மூடிய கை. காலையில் நீ போட்ட மூன்று சில்லும் பகல் முழுதும் ஒழுங்காகக் கொதித்தன. தீயை எடுத்தது நான், மூட்டியது நான், சுடச்சுடப் போட்டது நான். என்னை மன்னி என்று கேட்கப் போவதில்லை. அது உன் நேரத்துக்கு வரும், வராமலும் போகும். அதுவரை நீ என் வீட்டுக்கு வராவிட்டால் அதுவும் சரி. ஆனால் சனிக்கிழமைக்கு முன் இது உன் கையில் இருக்க வேண்டும். சில்லைக் காகிதத்தில் மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் பார். நனைந்ததா என்று நீயே சொல். உன்னைப் போல் பார்க்கத் தெரிந்தவர்கள் அதிகம் இல்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கம்போங் கப்பூருக்கு நடந்தேன். உன் அத்தை மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "அண்ணி, உங்க தம்பி கண்ண எடுத்தது நான். எம்புள்ள இல்ல." அவள் குழவியை நிறுத்தி, "என்னடி சொல்றே?" என்றாள். மறுபடியும் சொன்னேன், முதலிலிருந்து கடைசி வரை, விளக்கையும் விடாமல். திரும்பி வரும்போது மாரிமுத்து துணி மூட்டையோடு வாசலில் நின்றான். தஞ்சோங் பகாருக்குத்தான் போகிறானாம். இதைக் கொண்டுபோய் உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் காத்திருக்கிறான். இதை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் புதுச் சில்லு வறுக்கப் போகிறேன்.